பன்னிரண்டு இரவும் பதின்மூன்று பகலும்

2025 மே 14, புதன்

இன்று என்னுடைய பிழை ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிறிய பிழைதான். பன்னிரண்டு இரவுகளை எண்ணிவிட்டு அதைப் பன்னிரண்டு நாட்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதமாக நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கண்டுபிடித்த விதத்தையும் எழுதிவைக்கிறேன். காலை பதினொரு மணியளவில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட ஒரு பெண், பஞ்சைக் கடித்தபடி என் வரவேற்பு மேசைக்கு வந்தார். ஐந்து நாள் மருந்து எழுதியிருந்தது. இன்றைக்குப் பாதி நாள் போய்விட்டது, இன்றையும் சேர்த்தா ஐந்து, நாளையிலிருந்தா ஐந்து என்று விரலால் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டர் பாஸ்கரன் கையுறையைக் கழற்றிக்கொண்டே கதவடியில் நின்று, "பல்லு புடுங்குன நாளும் ஒரு நாள்தாம்மா" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட மறந்து, வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கின் பின்பக்கம் போய், ஜூனில் என்னோடு ஐரோப்பா சுற்ற வரும் பிரீத்தாவின் விசாப் படத்தைக் கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். விசா வந்த அன்று அவளே அனுப்பியது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை செல்லும் என்று ஒரு வரி. அதில் ஜூலை வரை இருக்கிறது, அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அதற்குக் கீழே எத்தனை நாட்கள் தங்கலாம் என்று ஒரு சிறிய பெட்டி. அதில் 12. நான் போட்ட பயண அட்டவணையின் கடைசி வரியிலும் 12. ஏப்ரலில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி போட்டது நான்தான். ஆனால் அட்டவணையில் இருப்பது இரவுகள். விடுதிகள் இரவுக் கணக்கில்தான் பதிகிறார்கள், அதனால் நானும் இரவுகளைத்தான் எண்ணியிருக்கிறேன். ஜூன் 6 வெள்ளி புறப்பட்டு 18 புதன் திரும்பினால் இரவு பன்னிரண்டு, நாள் பதின்மூன்று. சென்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு அதிகாரி முத்திரை குத்திவிடுவார். லண்டனை விட்டு ரயில் நகர முன்பே முதல் நாள் தொடங்கிவிடும்.

என்னிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருக்கிறது. பதினொரு வயதில் அம்மாவுடன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன், பதினெட்டில் கிடைத்தது. அதன்பின் இந்த எண்களைப் பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிரீத்தா ஈரோட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவள். வருகிற செப்டெம்பரில் ஐந்து வருடம் முடிகிறது, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். வேறெந்த நாட்டிலாவது விசா நிபந்தனையை மீறியிருக்கிறீரா என்று கேட்பார்களாம். ஒரு நாள்தானே என்று அவர்கள் விடுவார்களோ, விடமாட்டார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இன்று முழுக்க என்னோடு இருந்தது. பஸ்ஸிலும் இருந்தது. பிளேஸ்டோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

மார்ச்சில் விண்ணப்பித்தபோது திட்டம் சரியாகத்தான் இருந்தது. கொலோன் இரண்டு இரவு, மியூனிக் இரண்டு, சால்ஸ்பேர்க் இரண்டு, இன்டர்லாக்கன் நான்கு, பாரிஸ் ஒன்று, 17ஆம் திகதி லண்டன். எல்லா நாட்டுக்கும் ஒரே விசா, அதிக நாள் சுவிஸில் என்பதால் சுவிஸ் விசா. அவர்களும் கேட்டபடி பன்னிரண்டு நாள் தந்தார்கள். பிறகு ஏப்ரலில் நான் பாரிஸில் ஓர் இரவைக் கூட்டினேன். அங்கே இருக்கும் மாமி வீட்டுக்காக. கூட்டியது நான், எண்ணியது நான், சரி என்று சொன்னதும் நான்.

நாளை ஜெர்மன் வகுப்பில் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மே 15, வியாழன்

சொல்லவில்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டில் செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு வகுப்பு. செப்டெம்பரில் முதல் நாளே ஆசிரியை எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தினார். ஒரே மொழிக்காரர், ஒருவருக்கொருவர் உதவி என்று நினைத்திருப்பார். முதல் இரண்டு கிழமையும் நாங்கள் தமிழிலேயே ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் ஆங்கிலத்தில் கதைத்தோம். நான் 'நீர்' என்று கூப்பிட்டால் பிரீத்தா சிரிப்பாள். "ராஜா வேஷம் போட்டுட்டு வந்து நிக்கற மாதிரியே இருக்குடி" என்பாள். ஆனாலும் எனக்கு அவளை நீ என்று கூப்பிட வாய் வரவில்லை. ரயில் பாஸ் எடுத்து ஊர் சுற்றலாம் என்ற யோசனையும் அந்த மேசையில்தான் வந்தது. பாடப் புத்தகத்தில் ரயில் நிலையம் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஏழு நாள், எந்த நாட்டு ரயிலிலும் ஏறலாம். நீ பிளான் போடு, நான் பையைத் தூக்கிட்டு வர்றேன் என்று அவள் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

இன்று அவள் புது மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வகுப்புக்குள்ளும் கழற்றவில்லை. போட்டுப் பழகுகிறாளாம். சுவிஸ் மலையில் பனியைத் தொட வேண்டும் என்பது அவளுக்கு ஒன்பது வயதில் வந்த ஆசை. இன்டர்லாக்கன் என்று அட்டவணையில் இருக்கும் நான்கு வரிகளும் அவள் கேட்டவை. இடைவேளையில் தானியங்கி இயந்திரத்துக் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத மாதிரிக் கேட்டாள்.

"பதினேழாந் தேதி நைட் பாரிஸ்ல மழை இருக்குமா?"

"ஒரு மாதத்துக்கு முதல் எப்பிடித் தெரியும்? ஏன்?"

"சும்மாதான். வெளிய நின்னா நனைவமான்னு பார்த்தேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். 17 என்ற எண்ணை அவளே எடுத்துத் தந்தாள். நான் பிரீத்தா என்று தொடங்கவும் செய்தேன். அவள் திரும்பிப் பார்த்த விதம், ஏதோ கேட்கப் பயந்தவள் மாதிரி இருந்தது. அவளுக்கு முதலே ஏதும் தெரிந்துவிட்டதோ என்று நான்தான் அப்படிப் பார்த்திருக்க வேண்டும், அது அவள் முகத்தில் பட்டுத் திரும்பியிருக்கும். உமக்குச் சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள். அவ்வளவுதான்.

ஒரு தீர்வோடு போய்ச் சொன்னால் நல்லது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெறும் பிழையை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ஒருவர் முன்னால் வைப்பது எப்படி. கிளினிக்கில்கூட ஒருவருடைய நேரத்தைப் பிழையாகப் பதிந்தால், வேறு இரண்டு நேரங்களைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுப்பேன்.

மே 17, சனி

தீர்வு தேடினேன். காலையிலிருந்து மாலைவரை.

முதலாவது வழி, 17ஆம் திகதியே திரும்புவது. கடலுக்கு அடியால் வருகிற ரயிலில் பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்ச ஆசனம்தான் ஒதுக்குவார்கள். 18ஆம் திகதி இன்னும் இருக்கிறது. 17 முழுவதும் முடிந்துவிட்டது, காலை முதல் இரவு வரை எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். மார்ச்சிலேயே பதிந்திருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் மாமி எந்த நேரம் சரி என்று சொல்லட்டும், பிறகு பதி என்று அம்மா சொன்னதால், திரும்பும் ரயிலை மட்டும் பதியாமல் வைத்திருந்தேன். இரண்டாவது வழி, ஒரு நாள் பிந்திப் புறப்படுவது. 7ஆம் திகதியும் ஆசனம் இல்லை. மூன்றாவது, கப்பல். பாரிஸிலிருந்து வடக்கே தியெப் என்ற ஊருக்கு எங்கள் பாஸிலேயே போகலாம். அங்கிருந்து நடந்து ஏறக்கூடிய கப்பல் நியூஹேவனுக்கு வருகிறது. மாலையில் ஏறினால் இரவு இங்கே. தியெப் துறைமுகத்தில் 17ஆம் திகதி முத்திரை விழும். இதைக் கண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு பார்த்தால், இந்த வழியில் 17ஆம் திகதி இரவு இல்லை. 17ஆம் திகதி இரவுதான் மாமி வீடு.

அருமைநாயகி மாமி அப்பாவின் ஒரேயொரு அக்கா. அப்பா 2021 ஜனவரியில் காலமானபோது எல்லையெல்லாம் மூடியிருந்தது. பத்துப் பேருக்கு மேல் மண்டபத்துக்குள் நிற்கவும் ஏலாது. பாரிஸுக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் மாமி கைத்தொலைபேசியைச் சுவரில் சாத்திவைத்துத் தம்பியின் கிரியையைப் பார்த்தார். நடுவில் எங்கள் பக்கத்து இணையம் இருமுறை நின்றது. திரும்பி வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லை திறந்தது. ஆனால் மாமிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, பிறகு அம்மாவுக்கு வேலை மாற்றம், பிறகு ஏதோ ஒன்று. நான்கு வருடமாக நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. நான் பாரிஸால் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் அவர் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான். பிள்ளை ஒரு இரவு என்ர வீட்டில படுத்து எழும்பட்டும்.

அம்மா சமையலறையில் கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு நின்றார். நான் மெதுவாகத் தொடங்கினேன்.

"அம்மா, மாமி வீட்டுக்கு இரவுக்குப் போகாமல், பகலில போய்ச் சாப்பிட்டிட்டு வந்தால் என்ன?"

"என்னத்துக்கு?"

"நாள் கொஞ்சம் இடிக்குது."

"அவ செவ்வாய்க்கிழமை லீவு எடுத்திட்டா. தெரியுமோ? அவ வேலை செய்யிற கந்தோரில லீவு கேக்கிறது லேசில்லை, ரெண்டு கிழமை முதலே கங்காணியின்ர காலில விழவேணும். தன்ர பக்கத்து வீட்டுக் கனகாம்பிகையிட்டச் சொல்லி நண்டு வாங்க ஒழுங்கு பண்ணியாச்சு. நீ இப்ப நாள் இடிக்குது எண்டுறாய்."

"நண்டைத் திங்கட்கிழமையும் சாப்பிடலாம்."

"பகிடி விடாதை பிள்ளை." அம்மா கருவாட்டைக் கரண்டியால் அழுத்தினார். "அப்பா போனாப் பிறகு இவையள் எங்களைக் கழட்டி விட்டிட்டினம் எண்டு ஒரு சொல் வரக்கூடாது. அவ சொல்ல மாட்டா. அவ சொல்லாததாலதான் நான் சொல்லுறன்."

நான் அம்மாவிடம் பிரீத்தாவின் விசாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிடுவார் என்று தெரியும். அந்தப் பிள்ளை ஒரு நாள் முந்தி வரட்டும், நீ நிண்டு வா. அது பிழையான தீர்வும் இல்லை. நானும் காலையிலேயே அதை யோசித்தேன். யோசித்துவிட்டு, பட்டியலில் எழுதாமல் விட்டேன். அவளைத் தனியே அனுப்பிவிட்டு நான் நண்டு சாப்பிடுவதை எப்படி ஒரு வழி என்று எண் போட்டு எழுதுவது.

மே 18, ஞாயிறு

பத்து மணிக்கு ஃபாரஸ்ட் கேட்டுக்கு நடந்தே போனேன். நடந்தால் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் முதல் வசனத்தைத் தயார்பண்ணலாம் என்று நினைத்தேன். மலையாளக் கடைக்கு மேலே பிரீத்தாவின் அறை. படியேறும்போது தயார்பண்ணியதெல்லாம் போய்விட்டது. அவள் தரையில் பெட்டியைத் திறந்துவைத்து உடுப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். புறப்பட இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

"என்னடி இது, மூஞ்சி இப்படி இருக்கு? பல்லு புடுங்கிட்டாங்களா?"

"பிரீத்தா, நான் ஒரு பிழை விட்டிட்டன். உம்மட விசாவில பன்னிரண்டு நாள். நாங்கள் நிக்கிறது பதின்மூண்டு. நான் இரவை எண்ணிப்போட்டன்."

அவள் ஒரு காலுறையைப் பந்தாக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அதன் சோடியைத் தேடி எடுத்தாள்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ஏப்ரல்லயே. நீ ஷீட்ல அந்த வரியைச் சேர்த்த அன்னைக்கே. விசாவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு நெனைக்கற? எனக்கு அந்த ஸ்டிக்கர் மனப்பாடம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ எண்ணாம எதையும் எழுத மாட்டியே." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஒரு டூத்பேஸ்ட் எத்தனை நாளைக்கு வரும்னு எண்ணினவ நீ. அப்ப இதையும் நீ எண்ணித்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன். எனக்குப் பன்னெண்டு, உனக்குப் பதிமூணு. மாமி வீடு உன் குடும்பம். வாயால சொல்றதுக்குச் சங்கடமா இருக்கு, அதான் நீ ஷீட்டுல சொல்லிட்டன்னு எடுத்துக்கிட்டேன்."

"நான் அப்பிடிச் செய்வனே?"

"நீல கலர்ல போட்டிருந்தியே."

அட்டவணையில் என் வேலைகள் நீலம், அவளுடையவை பச்சை, இருவருக்கும் பொதுவானவை மஞ்சள். கொலோனிலிருந்து பாரிஸ் வரை முழுக்க மஞ்சள். கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அருமைநாயகி மாமி வீடு, 17 செவ்வாய், முழு வரியும் நீலம். ஏன் அந்த நிறத்தைத் தெரிவுசெய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். முகவரி என்னிடம் இருந்ததால் இருக்கலாம். விடுதி பதிய வேண்டிய தேவை இல்லாததால் இருக்கலாம். உண்மையில் எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொன்னேன். அது நல்ல பதிலாகக் கேட்கவில்லை.

"கோவமெல்லாம் இல்ல," என்றாள். "முதல் ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் பஸ் டிக்கெட் போட்டுட்டேன். பதினேழு நைட்டு பாரிஸ்ல பத்தரைக்கு ஏறினா காலைல விக்டோரியா. நீ பாட்டுக்கு உங்க மாமி வீட்ல இருந்துட்டு வா. நான் போய்க்குவேன். இந்தியாவுலருந்தே தனியாத்தானே வந்தேன்."

அதனால்தான் மழை இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். ஏதாவது ஒரு கடையின் கூரைக்குக் கீழே, பெட்டியோடு, புது மழைச்சட்டையோடு அவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் அந்த நேரம் மாமி வீட்டில் கை கழுவிக்கொண்டிருப்பேன். ஒரு மாதமாக ஒரு மேசையில் பக்கத்தில் இருந்து, இந்தப் படத்தை அவள் மட்டும் பார்த்துக்கொண்டு, நான் சொல்லும் ரயில் நேரங்களையெல்லாம் சரி சரி என்று எழுதியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. என் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

"பத்தரைக்கு வெளிக்கிட்டால் கலே துறைமுகத்தில எத்தனை மணி?"

"யாருக்குத் தெரியும்? தூங்கிட்டிருப்பேன்."

"தூங்க விடமாட்டினம். எல்லாரையும் இறக்கித்தான் பாஸ்போர்ட் பாப்பினம். பிரெஞ்சுக்காரர் அங்கதான் வெளியேறுற முத்திரை குத்துறது. பாரிஸிலயிருந்து கலேக்கு மூண்டரை, நாலு மணித்தியாலம்."

அவள் கை நின்றது. பத்தரை, பதினொன்றரை, பன்னிரண்டரை என்று உதடு மட்டும் அசைந்தது. பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பிறகு திறந்திருந்த பெட்டிக்குள்ளேயே, சுருட்டிய உடுப்புகளுக்கு மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ பதினெட்டு ஆயிடும்."

"ஓம்."

"ரெண்டு மணி நேரத்துல."

"ஓம்."

"எங்கம்மா செப்டம்பருக்கு இப்பவே தேங்காய் உடைக்கறதா வேண்டிக்கிட்டிருக்காங்க." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "மாட்டியிருப்பேன் இல்ல? தூக்கக் கலக்கத்துல வரிசைல நின்னு, நானே போய்க் கையைக் கொடுத்திருப்பேன்."

கீழே மலையாளக் கடையில் வாழைக்குலை இறக்குகிறார்கள் போலிருந்தது, வண்டிக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது.   என் பிழையை நான் சொல்லாமல் விட்டிருந்தால், அவளுடைய பிழை கலேயில் வைத்துத்தான் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை சீனி போதுமா என்று கேட்டுவிட்டு வந்ததை நினைத்தேன். 

கொப்பியை எடுத்து மூன்றாவது வழியைக் காட்டினேன். தியெப், கப்பல், நியூஹேவன். 16 திங்கள் இன்டர்லாக்கனிலிருந்து பாரிஸ், இரவு எட்டுக்கு முன் போய்விடலாம். 17 மத்தியானம் தியெப். மாலைக் கப்பல். 16ஆம் திகதி விடுதிப் பதிவை இன்னும் நிறுத்தலாம், காலக்கெடு வெள்ளிக்கிழமை வரை இருக்கிறது. சுவிஸில் ஒரு வரியும் குறையாது. அவள் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முதல்முறையாக என் கணக்கை அவளும் விரலால் எண்ணிப் பார்த்தாள். ஆறு ஒண்ணு, ஏழு ரெண்டு, எட்டு மூணு. பதினேழு பன்னெண்டு. இரண்டு தரம் எண்ணினாள். அது எனக்குக் குத்தியது, ஆனால் ஆறுதலாகவும் இருந்தது.

"ஹாஸ்டலைக் கேன்சல் பண்ணினா திங்கக்கெழமை ராத்திரி எங்க படுக்கறது?"

"மாமி வீட்டில. ரெண்டு பேரும்."

அவள் கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அவங்க என்னைக் கூப்பிட்டாங்களா கோசிகா?"

"மாமி ஒண்டும் நினைக்க மாட்டா."

"அது இல்ல. நான்னு ஒருத்தி வர்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

கொப்பியை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.  அவள் எழும்பி, அமர்ந்து நசுங்கிய உடுப்புகளை மறுபடி சுருட்டத் தொடங்கினாள். "நீ கேட்டுட்டுச் சொல்லு. அவங்க சரின்னா வர்றேன். இல்லன்னா அந்த ஹாஸ்டல்லயே ஒரு பெட் எனக்கு இருக்கட்டும். கப்பலுக்கு மட்டும் சேர்ந்து போலாம். நெஜமாவே கோவம் இல்லடி. ஆனா இந்தத் தடவை கேக்காம எனக்காக எதையும் எழுதாத." வாசலில் நான் சப்பாத்துப் போடும்போது சொன்னாள், "அப்புறம், நான் நண்டெல்லாம் பார்த்தாலே ஓடிருவேன். முட்டை வரைக்கும்தான். அதையும் சொல்லிடு."

அவள் நினைத்தது முழுக்கப் பிழை என்று எழுத என்னால் முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஏப்ரலைத் திரும்பவும் நினைத்துப் பார்த்தேன். மாமி வீட்டில் அப்பாவைப் பற்றிக் கதை வரும். மாமி அழுவார். நானும் அழக்கூடும். அந்த இடத்தில் வேறொருவர் இருப்பதை நான் விரும்பியிருக்கமாட்டேன். வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை, ஆனால் யோசிக்காமலே கை நீலத்துக்குப் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசா, இரவுகள், கலே, கப்பல். அம்மா இடையில் பேசாமல் கேட்டார், அது வழமை இல்லை.

"அந்தப் பிள்ளை ஒரு நாள் முந்தி..." என்று தொடங்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"மாமியிட்ட நான் ஒரு சிநேகிதியோட வாறன் எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை. பிள்ளை வாறாள் எண்டு சொன்னனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ என்னட்ட அப்பிடித்தானே சொன்னனீ. மாமியிட்ட நான் வாறன் எண்டு சொல்லுங்கோ எண்டு." அம்மா கொஞ்ச நேரம் மேசைவிரிப்பைத் தடவினார். "திங்கட்கிழமை அவவுக்கு வேலை. எட்டு மணியாகும் வீடு வர. லீவு எடுத்தது செவ்வாய்க்கு. நான் கதைக்கட்டே? நான் சொன்னா அவ மறுக்க மாட்டா."

"மறுக்க மாட்டா எண்டதாலதான் நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கேக்கிறன். அவ ஏலாது எண்டு சொல்லுறதெண்டா என்னட்டச் சொல்லட்டும்."

அம்மா தன் கைத்தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். மத்தியானம் மாமி ஒரு படம் அனுப்பியிருந்தார். சின்ன அறை. ஜன்னலோரம் ஒற்றைக் கட்டில், மடிப்புக் குலையாத புது விரிப்பு. அதன் மேல் ஒரு தலையணை, ஒரு துவாய், உறை பிரிக்காத ஒரு பல் தூரிகை. இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டார். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கொஞ்சம் தரை தெரிகிறது. ஒரு மெத்தை போடலாமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. படத்தின் ஓரம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாளை திங்கள். காலை ஆறரைக்கு, பாரிஸில் ஏழரை, மாமி வேலைக்கு இறங்க முன் தொலைபேசி எடுக்க வேண்டும். கேட்க வேண்டியவை: செவ்வாய்க்குப் பதிலாக 16ஆம் திகதி திங்கள் இரவு வரலாமா, ஒருவர் அல்ல இரண்டு பேர், மற்றவளின் பெயர் பிரீத்தா, அவள் நண்டு சாப்பிடமாட்டாள்.